குறை எண் பதினாறு

இவாசே இந்த மாதம் ஊருக்குப் போயிருக்க வேண்டும்.
புது அச்சு கசிந்ததில் பயணம் தள்ளிப்போனது.
தொழிற்சாலை உணவறையில்
தட்டுக்கு மேலாகக் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள்:
அவள் ஊர்க் கோயில்,
படிகளே தெரியாதபடி பூ,
பின்னால் ஒரு கோடு கடல்.
"நான்கு நாள்தான் இருக்கும்" என்றாள்.
எங்கள் பக்கமும் உண்டு என்று
சட்டென்று சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் யோசித்தேன்,
எந்த மரம்?

ஞாயிறு காலை ஆறரை.
தடா சோதனைச்சாவடியில் வண்டி நின்றபோது
பெஞ்சலய்யா தெலுங்கில் கேட்டார்,
பூ பார்க்கவா இவ்வளவு டீசல்?
நான் தமிழில் சிரித்தேன்.
அவளிடம் ஜப்பானியத்தில்,
"சாலை நன்றாயிருக்கிறது என்கிறார்."

சுண்ணாம்புக்குளம் போகும் வழியில் ஒரு சிவன் கோயில்,
கதவு பூட்டிக் கிடந்தது.
வெளியே நான்கு புங்கமரங்கள்.

புங்கம்பூவை யாரும் தலையில் வைப்பதில்லை.
சாமிக்கும் சார்த்துவதில்லை.
கூடைக்காரி விலை சொல்ல மாட்டாள்.
காலில் ஒட்டும், கழுவினால் போகும்.
கல்லூரிப் பேருந்துக்காக
மூன்று வருஷம் இதன் அடியில் நின்றிருக்கிறேன்,
குடை பிடித்துக்கொண்டு.

செஞ்சம்மா பாதி பெருக்கி முடித்திருந்தாள்.
இந்தப் பக்கம் வெறும் மண், துடைப்பத்தின் வரிகள்.
அந்தப் பக்கம் கொட்டிய பொரி,
ஓரத்தில் மட்டும் லேசாக வெட்கப்பட்ட பொரி.
இவாசே சரியாக நடுவில் போய் நின்றாள்.
காலணியைக் கழற்றினாள்.
கழற்றியும் மிதிக்கவில்லை.

"பெருக்க வேண்டாமென்று சொல்லுங்கள்."
சொன்னேன்.
"பத்து மணிக்கு ஐயர் வருவாரு,
திட்டு வாங்கறது இவங்களா?"
நான் மொழிபெயர்த்தேன்:
"பத்து மணி வரை பெருக்க மாட்டாளாம்."
இவாசே இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.
செஞ்சம்மாவுக்கு என்ன தோன்றியதோ,
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
வெற்றிலையைத் தொடையில் துடைத்தாள்.
என் பொய் அப்படியாக நிஜமானது.

நீல பிளாஸ்டிக் விரிப்பு,
டப்பாவில் சோற்றுருண்டைகள்.
ஒன்றை நீட்ட,
முகர்ந்து பார்த்து "ஊறுகா இல்லியா" என்றாள் செஞ்சம்மா.
கடித்தாள். உள்ளே இருந்தது ஊறுகாய்தான்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
இன்னொன்று கேட்டாள்.
எங்கள் மேலும் டப்பாவின் மேலும்
விழுந்துகொண்டே இருந்தது,
யாரும் தட்டிவிடவில்லை.

பழவேற்காட்டில் ஏரி பின்வாங்கிச் சேறு வெடித்திருந்தது.
பறவைகள் பெரும்பாலும் போய்விட்டன.
ஏழெட்டு மட்டும், தொலைவில், நீண்ட கால்களோடு.
பெயர் கேட்டாள்.
பூநாரை.
"பூ என்றால்?"
காலையில் பார்த்தோமே, அது.
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

பாலம் தாண்டிக் கடல்.
பதினொரு மணி மணல் பாதத்தைப் பொரித்தது.
ஃபைபர் படகொன்றின் குட்டி நிழலில் மூன்று பேரும் ஒடுங்கினோம்.
இதே திசைதானே உன் ஊர், என்று கேட்டேன்.
பொறியாளர் அல்லவா, யோசித்துத்தான் பதில் வந்தது:
"முதலில் அந்தமான் வரும்."
கொஞ்சம் கழித்து,
"எங்கள் ஊரில் கடல் மேற்கே இருக்கிறது.
சாயங்காலம் அம்மா இந்தப் பக்கம் பார்த்துத்தான் துணி எடுப்பாள்."

என்ன சொல்கிறாள், என்றார் பெஞ்சலய்யா.
இந்தத் தடவை
ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.
அவர் கடலைப் பார்த்துக்கொண்டே
சட்டைப்பையில் சாவியைத் தேடினார்,
கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டாம் ஷிப்ட்.
ரப்பர் வளையமொன்றின் உள்விளிம்பில்
ஏதோ ஒட்டியிருக்கிறதென்று பையன் கொண்டுவந்தான்.
இவாசே உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள்.
வெகுநேரம் வைத்திருந்தாள்.
என் தலைமுடியிலிருந்தா, அவளுடைய கைப்பையிலிருந்தா,
தெரியவில்லை.
படிவத்தை இழுத்து
குறை எண் பதினாறு, அந்நியப் பொருள்,
நேரம், கையெழுத்து.
விதிப்படி வளையம் சிவப்புத் தொட்டிக்குப் போனது.

மற்றது எங்கே போனதென்று
நான் கேட்கவில்லை.